ஒத்த வாக்கும் தோற்ற தரப்பும்: ஈஸ்கிலஸின் ‘யூமெனிடிஸ்’ நாடகம் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

இன்று நமக்குக் கிடைக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களுள், நீதிமன்றம் ஒன்று தோற்றுவிக்கப்படுவதை அரங்கின்மேலேயே காட்டும் நாடகம் ஈஸ்கிலஸ் இயற்றிய ‘யூமெனிடிஸ்’ ஆகும். தாயைக் கொன்ற மகனுக்கு ஏதென்ஸ் நகரத்தார் தீர்ப்பு வழங்கும் காட்சி அதன் நடுவண் அமைந்துள்ளது. பழிக்குப் பழி வாங்கும் பண்டை நெறி வீழ்ந்து, சட்டத்தின் ஆட்சி எழுந்த வரலாற்றினை அந்நாடகம் கூறுகின்றது என்பர் பலர். மாணவர்க்கும் அவ்வாறே கற்பிக்கப்படுகின்றது. ஒப்பிலக்கிய வகுப்பில் யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன்.

ஒருநாள் முதுகலை மாணவி ஒருத்தி, ‘இத்தீர்ப்பால் கொலையுண்ட தாய்க்குக் கிடைத்தது யாது?’ என வினவினாள். அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதன்பின் நாடகத்தினை அவ்வினாவுடன் மீளக் கற்றதன் பயன் இக்கட்டுரை.

தீர்ப்பு வழங்குதல் சட்டத்தின் கடமையிற் பாதியே. தோற்ற தரப்பினை நகரத்துள் மதிப்புடன் அமர்த்துதல் எஞ்சிய பாதி. ‘யூமெனிடிஸ்’ நாடகத்தின் அமைப்பு இவ்வெஞ்சிய பாதியினை நோக்கியே செல்கின்றது என்பது ஈண்டு நிறுவக் கருதும் முடிபு. அவ்வாறு அமர்த்தியதில் ஒரு குறையும் உண்டு. அதனையும் மறையாது கூறுதல் திறனாய்வின் கடன்.

2. நாடகமும் அதன் காலமும்

கி.மு. 458ஆம் ஆண்டு, டயனைசஸ் கடவுளுக்கு ஏதென்ஸ் நகரத்தார் எடுத்த பெருவிழாவில், ‘அகமெம்னன்’, ‘நீர்க்கடன் சொரிவோர்’, ‘யூமெனிடிஸ்’ என்னும் மூன்று நாடகங்களை ஈஸ்கிலஸ் ஒரு தொடராக அரங்கேற்றினார். ‘ஒரெஸ்டியா’ என வழங்கும் இத்தொடர் முதற்பரிசு பெற்றது. கி.மு. 490இல் மாரத்தான் போர்க்களத்தில் பாரசீகரை எதிர்த்துப் பொருத ஆசிரியர், இதனை அரங்கேற்றிய ஈராண்டளவில் சிசிலித் தீவின் கெலா நகரில் உயிர் நீத்தார்.

தொடரின் கதை கற்றோர் அறிந்ததே. திராய் நகர்மேற் படையெடுத்த அகமெம்னன், கலம் செல்லக் காற்று வேண்டித் தன் மகள் இபிஜெனியாவைப் பலியிட்டான். போர் முடித்து வெற்றியுடன் மீண்ட அவனை மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா குளிக்குமிடத்தே கொன்றாள். அப்பொல்லோவின் ஆணையைத் தலைமேற்கொண்டு மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொன்றான். குருதிப் பழி தொடரும் பண்டைத் தெய்வங்களாகிய எரினியர் அவனைத் துரத்தினர். டெல்ஃபித் திருக்கோயிலிற் புகல் அடைந்தவன், அங்கிருந்து ஏதென்ஸ் நகர் வந்து அதீனாவின் படிமத்தைப் பற்றிக்கொண்டான். இருதரப்பும் தன்னை நடுவாக ஏற்கக் கண்ட அதீனா, இவ்வழக்கு மாந்தர் தீர்க்கும் அளவினும் பெரிது என்றும், சினம் கிளர்த்தும் கொலை வழக்கினைத் தான் ஒருத்தியே தீர்ப்பதும் தகாது என்றும் கூறி, நகரத்தாருள் தக்கோரைத் தேர்ந்து ஆரியோபகஸ் குன்றின்மேல் மன்றம் நிறுவினாள்.

இக்குன்றின் பெயர் நாடகம் கண்டோர்க்குப் பழங்கதைப் பெயர் மட்டும் அன்று. ஆர்க்கன் என்னும் ஆண்டுப் பதவி வகித்து முடித்தோர் வாழ்நாள் உறுப்பினராக அமர்ந்த மன்றம் அங்கே கூடியது. கி.மு. 462இல் எஃபியால்ட்டஸ் முன்னின்று நிறைவேற்றிய சீர்திருத்தம் அம்மன்றத்தின் அரசியல் அதிகாரங்களைப் பறித்தது. கொலை வழக்குகளும் சமயஞ் சார்ந்த சில வழக்குகளுமே அதனிடம் எஞ்சின. சீர்திருத்தம் செய்தவர் சிறிது காலத்தில் மறைவாகக் கொல்லப்பட்டார். எனவே, நாடகம் அரங்கேறிய நாளில் நகரத்தார் இருபாற்பட்டிருந்தனர். அதிகாரம் இழந்தாரும் அதனைப் பறித்தாரும் ஒரே அரங்கின் படிகளில் அமர்ந்திருத்தல் வேண்டும்.

ஈஸ்கிலஸ் எக்கட்சியினர் என்னும் வினா ஆய்வாளரிடை நெடுநாள் நிலவுவது. மன்றத்தின் கடமையாகக் கொலை வழக்கினையே காட்டியமையின் அவர் சீர்திருத்தத்தை ஏற்றார் என்பர் ஒருசாரார். தெளிந்த நீரிற் சேறு கலத்தல்போல் சட்டங்களைக் கலக்காதீர் என அதீனா எச்சரித்தலின் அவர் பழைமை பேணினார் என்பர் மற்றொரு சாரார். இருசாரார்க்கும் நாடகத்தில் இடம் இருத்தலே கருதத் தக்கது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றபின் இருவரும் ஒரு மதிலினுள் எங்ஙனம் வாழ்வது என்பதே அந்நகரத்தின் அன்றைய இடர்ப்பாடு. நாடகம் அவ்விடர்ப்பாட்டினையே கைக்கொண்டது.

3. வழக்கிட ஆளில்லாத கொலை

எரினியர் யார் என்பதைச் சமய நோக்கில் விளக்குவோர் பலர். சட்ட நோக்கிற் காணின் அவர்தம் இடம் இன்னும் தெளிவுறும்.

ஏதென்ஸ் நகரச் சட்டப்படி, கொலைக்கு வழக்கிடும் கடமை கொலையுண்டார்தம் உறவினரையே சார்ந்தது. இன்றுபோல் அரசு தானே முன்வந்து வழக்கிடும் முறை அங்கு இல்லை. கி.மு. 621அளவில் டிராகோ வகுத்த கொலைச் சட்டத்தை, அவர்தம் பிற சட்டங்களை நீக்கிய சோலனும் நீக்காது வைத்தார். கி.மு. 409இல் அது மீண்டும் கல்லிற் பொறிக்கப்பட்டது. சிதைந்த அக்கல் இன்றும் ஏதென்ஸில் உள்ளது. கருதாது கொன்றவனை மன்னிக்கும் உரிமை தந்தைக்கும் உடன்பிறந்தார்க்கும் மைந்தர்க்கும் உரியது என்றும், அவருள் ஒருவர் மறுப்பினும் மன்னிப்பு இல்லை என்றும் அது விதிக்கின்றது. பழி கேட்டலும் பழி விடுத்தலும் குடும்பத்தின் உரிமைகளாகவே சட்டத்துள் நின்றன என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விதியைக் கிளைட்டெம்னெஸ்ட்ராவின் கொலையொடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். அவள் பொருட்டு வழக்கிடக் கடமைப்பட்ட ஒரே மகன் அவளைக் கொன்றவனே. மகள் எலெக்ட்ரா கொலைக்கு உடன்பட்டவள். ஏதென்ஸ் வழக்கப்படி பெண்ணொருத்தி தானே மன்றேறி வழக்கிடவும் இயலாது. ஆகவே, இக்கொலைக்கு வழக்கிடுவார் இல்லை. சட்டத்தில் நேர்ந்த இவ்வெற்றிடத்திலேயே எரினியர் வந்து நிற்கின்றனர். டெல்ஃபியில் அவர் உறங்கிக் கிடக்க, கொலையுண்டவளின் ஆவி தோன்றித் தன்பொருட்டுச் சினப்பார் ஒருவரும் இலர் என இடித்துரைத்து எழுப்பும் காட்சி, இந்நிலையினை நன்கு உணர்த்தும். உறவினர் செய்தற்குரிய கடமையை உறவில்லாத் தெய்வங்கள் மேற்கொள்கின்றன.

எரினியர் நாடகத்தில் ஓயாது உரைக்கும் ‘டிகே’ என்னும் கிரேக்கச் சொல் நெறி, வழக்கு, தண்டனை என்னும் பொருள்களைத் தரும். இதனைத் தமிழில் ‘நீதி’ என ஒரு சொல்லாற் பெயர்ப்பின் பொருள் குன்றும். தொன்றுதொட்டு வரும் ஒழுகலாற்றையும், மன்றில் நிகழும் பூசலையும் ஒருங்கே குறிக்கும் ‘வழக்கு’ என்னும் நம் சொல் ஈண்டு ஓரளவு பொருந்தும். எரினியர் தம் பண்டை வழக்கினைக் காக்கவே மன்றில் வழக்கிட வருகின்றனர். அவரைச் சட்டத்திற்குப் புறம்பான வன்முறையாகக் கருதுவோர் இவ்விரு பொருளின் ஒற்றுமையை நோக்காதவர் ஆவர்.

4. மன்றில் நிகழ்ந்த வாதம்

அதீனா மன்றினைக் கூட்டியது தொட்டுத் தீர்ப்பு ஈறாக உள்ள பகுதி ஏறத்தாழ 190 அடிகள். அதில் இருதரப்பும் உரைத்தவற்றை எடைபோட்டு நோக்கின், வெற்றி பெற்ற தரப்பின் வாதம் வலியது எனக் கூறல் அரிது.

கொன்றனையோ என எரினியர் வினவ, கொன்றேன் என ஒரெஸ்டஸ் ஒப்புகின்றான். கணவனைக் கொன்ற அவளை நீவிர் துரத்தாதது ஏன் என அவன் வினவ, கொலையுண்டவன் அவளொடு ஒரு குருதியினன் அல்லன் என அவர் விடை கூறுகின்றனர். யான் தாயின் குருதியினனோ எனக் கேட்கும்பொழுது அவன் தடுமாறுகின்றான். அப்பொல்லோவை நோக்கித் துணை வேண்டுகின்றான்.

அப்பொல்லோவின் வாதங்களுள் இரண்டினை ஈண்டுக் காண்போம். தந்தையின் உயிரைச் சீயஸ் பெரிதெனக் கொண்டான் என்பது முதலாவது. அங்ஙனமாயின் சீயஸ் தன் தந்தை குரோனஸைத் தளையிட்டது எங்ஙனம் என எரினியர் மடக்குகின்றனர். தளையை அவிழ்க்கலாம், நிலத்திற் சிந்திய குருதியை மீட்க இயலாது என்பது அப்பொல்லோவின் மறுமொழி. அம்மறுமொழி ஒரெஸ்டஸையே சுடுகின்றது. தாயின் குருதியை நிலத்திற் சிந்தியவன் தந்தையின் மனையில் எங்ஙனம் வாழ்வான் என எரினியர் உடனே திருப்பிக் கேட்கின்றனர்.

இரண்டாவது வாதம் மிகுதியாகப் பேசப்படுவது. ஈன்றவர் எனத் தக்கவர் தந்தையே. தாய் வித்தினைப் பேணும் செவிலி மட்டுமே. தாயின்றியும் தந்தையாதல் கூடும் என்பதற்கு அதீனாவே சான்று என்கின்றான் அப்பொல்லோ. இதனை ஏதென்ஸ் நகரத்தாரின் பொதுக் கொள்கை எனக் கொள்வாரும் உளர். நகரச் சட்டம் அதற்கு இடந் தரவில்லை. ஒரு தந்தைக்கு வெவ்வேறு தாயரிடம் பிறந்த ஆணும் பெண்ணும் அந்நகரில் மணந்துகொள்ளலாம். ஒரு தாய் வயிற்றிற் பிறந்தார் மணத்தல் ஆகாது. தாய்வழிக் குருதியைச் சட்டம் ஏற்றமைக்கு இது சான்று. நாடகம் அரங்கேறி ஏழாண்டு கழிந்து, கி.மு. 451இல், பெரிகிளிஸ் கொணர்ந்த சட்டம், தாயும் தந்தையும் ஏதென்ஸ் குடியினராக இருந்தாலன்றி மகன் குடியுரிமை பெறான் என விதித்தது. ஆகவே, அப்பொல்லோவின் கூற்றைக் கேட்டோர் அதனை ஐயமற ஏற்றனர் என்றல் பொருந்தாது. வழக்கில் வெல்லற் பொருட்டு வழக்குரைப்போன் கூறும் கூற்றாகவே ஆசிரியர் அதனை அமைத்தார் எனலாம். அவ்வாதத்தை முடித்தவுடன், ஏதென்ஸ் நகரத்தைப் பெருமையுறச் செய்வேன் என அப்பொல்லோ நடுவர்க்கு உறுதி கூறுதலும் இக்கருத்தினை வலியுறுத்தும்.

வாதத்தில் உரைக்கப்படாதது ஒன்றும் உண்டு. முதல் நாடகத்தில் கிளைட்டெம்னெஸ்ட்ரா தன் கொலைக்குக் காட்டிய தலையாய காரணம் மகள் இபிஜெனியாவின் பலியாகும். மூன்றாம் நாடகத்தில் அம்மகளின் பெயரை எவரும் எடுத்திலர். அப்பொல்லோ மறைத்தல் இயல்பு. குருதிக் கொலையன்றிப் பிறிதொன்றனைத் தொடரோம் எனக் கூறும் எரினியரும், மகளைக் கொன்ற தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாயின் ஆவியும் அதனைக் குறிப்பிடவில்லை. மன்றம் தன்முன் வைக்கப்பட்டதனையே கேட்கும்; வைப்பார் இல்லாத துயரம் வழக்காவதில்லை. தொடரினை முழுதும் கண்டோர்க்கு இம்மௌனம் புலனாகாமல் இராது.

5. ஒத்த வாக்கு

நடுவர் ஒவ்வொருவராகச் சென்று வாக்குக்கல் இடுகின்றனர். அதன்பின் அதீனா தன் வாக்கு ஒரெஸ்டஸுக்கே என்கின்றாள். அவள் காட்டும் காரணம் வழக்கின் நன்மை தீமைகளைப் பற்றியதன்று. தன்னை ஈன்ற தாய் இல்லை. மணம் ஒழிந்த எல்லாவற்றிலும் தான் ஆண்பாலைச் சார்ந்தவள் என்பதே அவள் கூற்று. வாக்கு ஒத்து நிற்பின் ஒரெஸ்டஸ் விடுதலை பெறுவான் எனவும் அறிவிக்கின்றாள். எண்ணியபொழுது வாக்கு ஒத்து நின்றது. ஒத்த வாக்கு குற்றஞ் சாட்டப்பட்டார்க்கே சார்பாகும் என்பது ஏதென்ஸ் மன்றங்களின் நிலைத்த விதி. அவ்விதி பிறந்த கதையினைக் கண்டோர்க்கு நாடகம் காட்டியது.

நடுவர் எத்துணையர் என்பதனை நாடகம் கூறவில்லை. அவர்தம் எண்ணிக்கை இரட்டைப்படை. அவர் வாக்கு ஒத்து நிற்க அதீனாவின் வாக்கு வழக்கினை முடித்தது என்பது ஒரு கொள்கை. அவர்தம் எண்ணிக்கை ஒற்றைப்படை. அதீனாவின் வாக்குச் சேர்ந்தமையாலேயே ஒப்பு நேர்ந்தது என்பது மற்றொரு கொள்கை. பின்னதனைக் கொள்ளின், ஏதென்ஸ் மாந்தருள் மிகுதியானோர் ஒரெஸ்டஸ் குற்றவாளி என்றே கருதினர் என்பது பெறப்படும். முன்னதனைக் கொள்ளினும், சரிபாதியினர் எரினியர் பக்கம் நின்றனர் என்பது உறுதி. எவ்வகையானும், வழக்கினை வாதத்தால் வென்றார் ஒருவரும் இலர்.

சட்டம் பழியை வென்றது எனக் கூறுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்கின்றனர். ஒருதலையான வெற்றியினை அமைத்துக் காட்டுதல் ஈஸ்கிலஸுக்கு அரிதன்று. அவர் ஒப்பினையே அமைத்தார். நன்கு கேட்டு, நேர்மையாக எண்ணி, வாக்கிட்ட பின்னும் பாதிப்பேர் மறுபக்கம் நிற்கும் வழக்குகள் உண்டு. அவற்றையும் ஒருவாறு முடித்தே ஆகவேண்டிய கடப்பாடு நகரத்திற்கு உண்டு. அங்ஙனம் முடித்தவிடத்து எஞ்சி நிற்பது தோற்ற தரப்பின் சினமாகும்.

6. தீர்ப்பின் பின்னர்

ஒரெஸ்டஸ் தன் நாடாகிய ஆர்கஸ் என்றும் ஏதென்ஸுக்கு நட்பாகும் என வாக்களித்து நீங்குகின்றான். வழக்கின் தலைவன் நீங்கியபின்னும் நாடகம் 270 அடிகள் செல்கின்றது. மொத்தம் 1047 அடிகளுள் இது நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டது; வழக்கு நிகழ்ந்த பகுதியினும் நீண்டது. அதீனாவும் எரினியரும் உரையாடும் இப்பகுதியைப் பிற்சேர்க்கைபோற் கருதுதல் பிழை.

இளைய தெய்வங்கள் தம் பண்டை உரிமையைக் கவர்ந்தனர் எனவும், தம் நஞ்சினை இந்நிலத்தில் உமிழ்ந்து விளைவும் மகவும் இலவாக்குவோம் எனவும் எரினியர் பாடுகின்றனர். அதீனா பணிந்து பேசுகின்றாள். அவள் பேசி முடித்ததும் எரினியர் முன்பாடிய பாட்டினையே ஓர் எழுத்தும் மாறாமல் மீண்டும் பாடுகின்றனர். அதீனா மீண்டும் பேச, வேறொரு பாட்டுப் பாடுகின்றனர். அவள் மேலும் பேச, அதனையும் அவ்வாறே திரும்பப் பாடுகின்றனர். தோற்றவர் செவியில் சமாதானம் ஏறாது என்பதனை இவ்வமைப்பினும் தெளிவாகக் காட்டல் இயலாது. நடுவராகிய அதீனா நான்கு முறை பேசிய பின்னரே எரினியர், ‘எமக்கு எவ்விடம் தருவாய்?’ எனக் கேட்கத் தொடங்குகின்றனர்.

அதீனா கூறுவனவும் நோக்கத்தக்கன. வாக்கு ஒத்து நின்றதாகலின் நீவிர் தோற்றீர் அல்லீர், உமக்கு இழிவும் இல்லை என்பது அவள் முதற்கூற்று. சீயஸின் இடியைக் காக்கும் அறையின் திறவுகோல் உள்ள இடம் தனக்குத் தெரியும் என ஓரிடத்தில் நினைவூட்டி, அதன் தேவை இல்லை என உடனே விடுக்கின்றாள். வலிமை கையில் இருந்தும் சொல்லாலேயே இணங்குவிக்க முயல்கின்றாள். குன்றின் அருகே உறையுளும், மணத்திற்கும் மகப்பேற்றிற்கும் முன்னர் முதற்பலியும் அவர்க்கு உரியவாகும் என்கின்றாள்.

இதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்று மன்றம் நிறுவியபொழுதே நிகழ்ந்துவிட்டது. வழக்கிற்கு முன்னர் எரினியர் பாடிய பாட்டில், அச்சம் நன்மை பயக்கும் இடமும் உண்டு எனவும், ஆள்வாரற்ற வாழ்வையும் கொடுங்கோல் வாழ்வையும் போற்றற்க எனவும் அறிவுறுத்தினர். மன்றத்தை நிறுவும் உரையில் அதீனா அவ்விரண்டையும் விலக்குமாறே நகரத்தாரை ஏவுகின்றாள். அச்சத்தை நகரத்தினின்று முற்றும் ஓட்டாதீர் எனவும் கூறுகின்றாள். புதிய மன்றத்தின் அடிப்படை நெறி, அம்மன்றில் தோற்க இருக்கும் தரப்பின் வாய்மொழியாகும். தீர்ப்பு அவரைக் கைவிட்டது. சட்டம் அவர் கருத்தினைத் தன்னுள் வைத்துக்கொண்டது.

ஏதென்ஸ் நகரத்தின் உண்மை வழக்கங்களும் இதற்குச் சான்றாகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற் கிரேக்க நாடு முழுதும் கண்டெழுதிய பௌசேனியாஸ், ஆரியோபகஸ் குன்றில் செதுக்காத இரு கற்கள் இருந்தமையைக் குறிக்கின்றார். குற்றஞ் சாட்டப்பட்டவன் நிற்கும் கல் ‘வரம்பு மீறல்’ எனவும், வழக்கிடுவோன் நிற்கும் கல் ‘இரக்கமின்மை’ எனவும் பெயர் பெற்றன. அருகே இத்தெய்வங்களின் திருக்கோயில் இருந்தது. மன்றில் விடுதலை பெற்றோர் அங்குச் சென்று பலி செலுத்துவர் என்கின்றார் அவர். வழக்கில் வென்றவன் நேரே இல்லம் செல்லாது, தன்னைத் துரத்திய தெய்வத்தின் முன் சென்று நிற்றல் அந்நகரத்தின் முறை. நாடகத்தின் இறுதிப் பகுதி இம்முறையின் பொருளை விளக்குவதாகும்.

7. எஞ்சும் குறை

இம்முடிபிற்கு மாறாகக் கூறத்தக்கதும் உண்டு. 1861இல் வெளிவந்த தம் நூலில் பாகோஃபன், தாயுரிமை வீழ்ந்து தந்தையுரிமை வென்ற வரலாற்றின் தடம் இந்நாடகத்தில் உள்ளது என்றார். எங்கெல்ஸ் 1891இல் எழுதிய முன்னுரை ஒன்றில் அக்கருத்தினை எடுத்துப் பாராட்டினார். அத்தகைய தாயுரிமைக் காலம் ஒன்று வரலாற்றில் இருந்தது என்பதனை இன்றைய ஆய்வாளர் ஏலார். ஆயினும், அவர் சுட்டிய வடு நாடகத்தில் உள்ளது. நடுவருள் பெண் இலள். வெற்றிக்குக் காரணமான வாக்கினை இட்ட பெண்தெய்வம் தாய் இல்லாதவள். தாயின் குருதியைக் கேட்டு வந்த எரினியர் மணவாழ்வை வாழ்த்தும் தெய்வங்களாகின்றனர். தம்மை எழுப்பிய தாயினை அதன்பின் நினைத்திலர்.

அவர் பெற்ற இடத்தின் தன்மையும் கருதத்தக்கது. நாடகம் அவரை ‘மெட்டோய்க்காய்’ என்னும் சொல்லாற் குறிக்கின்றது. பிற நாட்டினின்று வந்து குடியிருப்போரை ஏதென்ஸ் சட்டம் இச்சொல்லால் வழங்கியது. அவர் நகரில் வாழலாம், தொழில் செய்யலாம்; ஆனால் அவர்க்கு வாக்குரிமை இல்லை. எரினியர் இறுதியில் அணியும் செந்நிற ஆடை, அதீனாவின் பெருவிழா ஊர்வலத்தில் அக்குடியினர் அணிந்த ஆடையை நினைவூட்டும் என்பர். தோற்றவர்க்கு மதிப்பும் உறையுளும் கிடைத்தன. தீர்ப்பிடும் உரிமை கிடைக்கவில்லை.

ஐம்பதாண்டு கழித்து, கி.மு. 408இல், யூரிப்பிடிஸ் ‘ஒரெஸ்டஸ்’ என்னும் நாடகத்தில் இக்கதையை மீண்டும் எடுத்தார். அங்கே கிளைட்டெம்னெஸ்ட்ராவின் தந்தை டிண்டாரியஸ் நேரே வந்து நின்று, தாயைக் கொல்லாது அவள்மேல் வழக்கிட்டு மனையினின்று நீக்கியிருத்தல் வேண்டும் எனப் பேரனை இடித்துரைக்கின்றான். ஈஸ்கிலஸ் நாடகத்தில் இல்லாத உறவினனை யூரிப்பிடிஸ் கொணர்ந்து நிறுத்தியமை எண்ணத்தக்கது. கொலையுண்டவள் பொருட்டுப் பேச மாந்தருள் ஒருவர் இன்மை, அடுத்த தலைமுறைக் கவிஞர்க்கு ஒரு குறையாகத் தோன்றியிருத்தல் கூடும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘யூமெனிடிஸ்’ நாடகம் சட்டத்தின் வெற்றியைப் பாடும் எளிய வாழ்த்து அன்று என்பது போதரும். வழக்கிட ஆளில்லாத கொலையொன்றில் எரினியர் வழக்காளராய் நின்றனர். வாதத்தால் ஒருவரும் வெல்லாமல் வாக்கு ஒத்து நின்றது. தீர்ப்பின் பின்னரே நகரத்தின் பெருஞ்செயல் தொடங்கியது. தோற்றவர்தம் நெறி மன்றத்தின் நெறியாக நிலைபெற்றது. உட்பகையும் கொலையும் கண்ட நகரத்திற்கு ஈஸ்கிலஸ் தம் முதுமையிற் கூறிய அறிவுரை இதுவாகும்.

மாணவியின் வினாவிற்கு இனி யான் கூறும் விடை இது: தாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள்பொருட்டு எழுந்த சினத்திற்கு மட்டும் நகரத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. அச்சினம் அங்கே அமர்ந்திருக்கும்வரை, விடுதலை பெறும் ஒவ்வொருவரும் அதன்முன் வணங்கியே செல்லுதல் வேண்டும். இவ்வேற்பாடு போதுமா என்பதனை அந்நாடகம் கண்டோரும் தம்முள் வினவியிருத்தல் கூடும். கற்கும் நாமும் அவ்வினாவினை விடுத்து, தீர்ப்போடு நூலை மூடிவிடுதல் ஆகாது.